தொண்டை கட்டிய தெரு

அந்தச் சுகாதார நிலையத்தில் அவளுக்கு ஒரு பதவிப் பெயர் உண்டு. ஆரோக்கியக் கல்வி அலுவலர். அறைக் கதவில் மாட்டியிருந்த பலகையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் பதினெட்டு வருடமாகத் துண்டுப் பிரசுரங்களைச் சுமந்துகொண்டு தெருத் தெருவாக நடந்ததில் மக்கள் அவளுக்கு வைத்த பெயர் நோட்டீஸ் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் சுருக்கென்றிருந்தது. பிறகு பழகிவிட்டது.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு இதுதான்: ஒவ்வொரு பகுதிக்கும் போய், அங்கே இருப்பவர்களுடைய தேவை என்னவென்று கேட்டறிந்து, அதற்கேற்ற ஆரோக்கியக் கல்வித் திட்டத்தை ஆறு வாரத்துக்குள் தயாரித்து அனுப்ப வேண்டும். தலைப்பு சர்க்கரை நோய். தேவையைக் கேட்கச் சொன்னவர்களே விடையையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இது எங்கேயோ இடிக்கிறதே என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் நான்கு பகுதிகளில் வேலை மளமளவென்று முடிந்திருந்தது. ஐந்தாவது, பட்டறைத் தெரு.

நாற்பது சொச்சம் பட்டறைகள். கீழே பட்டறை, மேலே வீடு. இரும்புத் தகட்டை வெட்டி, மடித்து, அடித்து, கடைகளுக்கு ஷட்டரும் தண்ணீர்த் தொட்டியும் பீரோவும் செய்கிறவர்கள். காலை எட்டு மணிக்குச் சுத்தியல்கள் தொடங்கினால் தெருமுனையில் நிற்கிறவனுக்குப் பல் கூசும். தகடு வெட்டும் மெஷின் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் காலடியில் தரை ஒரு தடவை துள்ளும்.

நோட்டீஸ் அக்கா பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவத்தோடு இருப்பதிலேயே பெரிய பட்டறைக்குப் போனாள். அதை நடத்துகிறவருக்கு ஐம்பத்தெட்டு வயது. தெருவே அவரை மேஸ்திரி என்றது. தோள் அகலமான மனிதர், முகம் நிறையச் சிரிப்பு. அவளைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டாள்.

"முப்பத்தாறு வருஷம் ஆச்சும்மா."

"தண்ணிங்க, தண்ணி."

"ஆமாம்மா, எங்க அப்பா காலத்துலேர்ந்தே."

மெஷின் சத்தத்தில் சரியாக விழவில்லை என்று நினைத்துக் குரலை உயர்த்தினாள். "வீட்ல யாருக்காவது சர்க்கரை இருக்கா?"

மேஸ்திரி மலர்ந்தார். எதிர்க் கடையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு நிமிடத்தில் டீ வந்தது. சர்க்கரை தூக்கலாக.

இந்தச் சத்தத்தில் கணக்கெடுப்பு நடக்காது என்று புரிந்துகொண்டு, அடுத்த வாரம் தொழிலாளர் சங்கக் கூடத்தில் மதிய இடைவேளையில் கூட்டம் போட்டாள். மெஷின்கள் நின்றிருந்தன. நாற்பது பேர் வந்தார்கள். மூத்தவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். நோட்டீஸ் அக்கா மூன்று படங்களை மாட்டி, அரை மணி நேரம் பேசினாள். பேச்சு நன்றாகவே வந்தது. முன் வரிசை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டியது. அதைப் பார்த்துப் பின் வரிசையும் ஆட்டியது. காலில் புண் வந்தால் விரலையே எடுக்க வேண்டிவரும் என்று அவள் சொன்ன இடத்தில் கைதட்டினார்கள்.

அவளுக்குச் சந்தேகம் தட்டியது. "சரி, நான் ஒண்ணு கேக்கிறேன். சர்க்கரை நோய் வந்தவங்க தினமும் அரைக் கிலோ இனிப்பு சாப்பிடலாமா?"

எல்லாரும் தாராளமாகத் தலையாட்டினார்கள். மேஸ்திரி ஒரு படி மேலே போய், "ரொம்ப நல்லது," என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு முகம் எரிந்தது. தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கணவரிடம், "நாப்பது ஆம்பளைங்க சேர்ந்து என் காதுல பூ சுத்திட்டாங்க," என்றாள். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "கைதட்டினாங்க இல்ல, விடு," என்றார். மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதினாள்: "இப்பகுதி மக்களிடம் ஒத்துழைப்பு இல்லை. ஆர்வமும் இல்லை." எழுதிய பிறகு கொஞ்சம் ஆறியது.

இரண்டு நாள் கழித்து நர்ஸ் அவள் அறையில் தலையை நீட்டினாள். "அக்கா, உங்க பட்டறைத் தெருவுல பொம்பளைங்க பாட்டுப் போட்டி ஏதாவது நடத்துறாங்களா?"

"என்ன உளர்றே?"

"இந்த வாரம் மட்டும் அஞ்சு பேர். எல்லாருக்கும் தொண்டை கட்டியிருக்கு. காய்ச்சல் இல்ல, சளி இல்ல. குரல் மட்டும் போச்சு. இப்பகூட ஒரு அம்மா உள்ள இருக்காங்க, வாங்க."

உள்ளே இருந்தது மேஸ்திரியின் மனைவி. டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு வெகு நேரம் பார்த்தார். அந்த டாக்டரம்மாவுக்குப் பேச்சு எப்போதும் அளந்துதான் வரும். "கத்திக் கத்திக் குரல் நாண்ல காய்ப்பு விழுந்திருக்கு. ரெண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. மீறினீங்கன்னா ஆபரேஷன்லதான் போய் முடியும்."

மேஸ்திரி மனைவி சிரித்தாள். காற்று மட்டும்தான் வெளியே வந்தது. "அப்ப வீடு எப்படி ஓடும் டாக்டர்?"

"ஏன் அப்படிக் கத்தறீங்க? வீட்ல சண்டையா?" என்று நோட்டீஸ் அக்கா கேட்டாள்.

"சண்டையா?" அந்தம்மா தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். "சண்டை போடணும்னாலும் அந்த மனுஷனுக்குக் காது கேக்கணுமே அக்கா. சாப்பிட வாங்கன்னு சொல்றதுக்குள்ள என் உசுரு போயிடும். எங்க வீடு மட்டுமில்ல. தெருவே அப்படித்தான்."

நோட்டீஸ் அக்கா நேராகப் புறநோயாளிகள் பதிவேடு இருந்த அலமாரிக்குப் போனாள். மதியச் சாப்பாட்டை மறந்து நான்கு மாதப் பக்கங்களைப் புரட்டினாள். தொண்டைக் கோளாறு என்று வந்த பெண்கள் அறுபத்தொரு பேர். அதில் நாற்பத்து நான்கு பேர் பட்டறைத் தெருக்காரர்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாக மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். யாரும் அந்தப் பெயர்களை ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை.

முப்பத்தாறு வருஷம் என்று மேஸ்திரி சொன்னது, டீ வந்தது, கைதட்டல், அரைக் கிலோ இனிப்பு எல்லாம் ஒவ்வொன்றாக அவள் நினைவில் வந்தன. அவர்கள் பூ சுற்றவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து திட்டத்தின் முதல் பக்கத்தை எடுத்துக் கிழித்தாள். கிழித்த துண்டுகளைக் குப்பைக் கூடையில் போட மனம் வராமல், யார் கண்ணிலும் படக் கூடாது என்பதுபோலக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

மறுநாள் மேஸ்திரி வீட்டு மாடிக்குப் போனாள். அங்கே மேஸ்திரியும் மனைவியும் தவிர இன்னொருவனும் இருந்தான், மேஸ்திரியின் கடைசித் தம்பி. முப்பத்தொரு வயது. தெருவில் சின்னவர் என்பார்கள். தகடு வெட்டும் மெஷின் அவன் பொறுப்பு. ஒட்டாத ஆள், திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்கியவன்.

மேஸ்திரி மனைவி டாக்டர் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. அடுக்களைச் சுவரில் ஒரு தகட்டைச் சாத்தி வைத்து, பட்டறையில் அளவு குறிக்கும் சாக்பீஸால் அதில் எழுதினாள். சின்னவரைக் காட்டி எழுதினாள்: "இவனுக்குப் பெண் பார்த்தோம். படியேறும்போது பெண்ணின் அப்பா பின்னாலிருந்து ஏதோ கேட்டார். இவன் பாட்டுக்கு ஏறிப் போனான். இப்போதே இவ்வளவு தலைக்கனமா என்று போய்விட்டார்கள்."

அதைப் படித்த சின்னவர் முகம் சிவந்து, தகட்டைக் கையாலேயே அழித்தான். "எதுக்கு அண்ணி இதெல்லாம்?"

நோட்டீஸ் அக்கா அவனுக்கு நேராக வந்து உட்கார்ந்து, நிதானமாகக் கேட்டாள். "எத்தனை வருஷமா இப்படி?"

அவன் அவள் உதட்டைப் பார்த்தான். "ஆறேழு வருஷம் இருக்கும். முதல்ல பறவைச் சத்தம் போச்சு. அப்புறம் போன் மணி. வெளியில சொல்லிடாதீங்கக்கா. செவிடன்னு பேர் வந்தா மெஷின்ல நிக்க விடமாட்டாங்க. பட்டறையில பாதிப் பேருக்கு மேல இப்படித்தான். என்னன்னு ரெண்டாவது தடவை கேட்டா மாட்டிக்குவோம். அதனால தலையாட்டிடறது."

அவன் கீழே இறங்கிப் போனதும் நோட்டீஸ் அக்கா பாதிப் படியில் நின்று பட்டறையைப் பார்த்தாள். அங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, ஆனால் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னவர் இரண்டு விரலை உயர்த்தி மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தான். இருபதடி தள்ளி நின்ற ஆள் தகட்டைத் திருப்பி வைத்தான். ஒருவன் முழங்கையைத் தட்டினான், வெட்டுக் கத்தி நின்றது. இன்னொருவன் கன்னத்தை உப்பிக் காட்டினான், நான்கு பேர் குலுங்கிச் சிரித்தார்கள். யாரைப் பற்றிய கிண்டல் என்று அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

சுகாதார நிலையத்துக்குத் திரும்பி டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் மேலிடத்துப் படிவத்தை எடுத்து விரித்தார். "சர்க்கரைக்குத்தான் வந்திருக்கு. இதுல காதுக்குக் கட்டம் எங்க இருக்கு?"

"கட்டம் இல்ல டாக்டர். அங்க காதே பாதிதான் இருக்கு. நான் சர்க்கரையைப் பத்திச் சொன்னாலும் அவங்களுக்குக் கேக்கப் போறதில்லையே."

டாக்டர் பதிவேட்டுக் கணக்கை இரண்டு முறை பார்த்தார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். காது சோதிக்கும் கருவியோடு ஒரு நிபுணரை நான்கு நாளைக்கு அனுப்பச் சம்மதித்தார்கள்.

சங்கக் கூடத்தை ஒட்டிய சின்ன அறையில், சுவரெல்லாம் மெத்தை வைத்து அடைத்து, கருவியை வைத்தார்கள். தெரு முழுக்க நோட்டீஸ் ஒட்டினார்கள். முதல் நாள் டீக்கடைக்காரர் மட்டும் வந்தார். அவருக்குக் காது நன்றாகவே கேட்டது. இரண்டாம் நாள் ஒருவரும் இல்லை. நிபுணர் பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, "இந்தத் தெருவுக்குக் காது தேவையில்ல போல," என்றார். நோட்டீஸ் அக்காவுக்கு என்ன செய்வதென்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே போகிறவனைத் தெருவே பார்க்கும். எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் அந்த வாசலில் முதலில் ஏறுகிறவன் அதை ஒப்புக்கொண்டவன் ஆகிவிடுவான்.

இதற்குள் மேஸ்திரி வீட்டில் மனைவி பேச்சை நிறுத்தி ஒன்பது நாள் ஆகியிருந்தது. முதல் இரண்டு நாள் மேஸ்திரி குஷியாகத்தான் இருந்தார். வீட்டில் நிம்மதி என்று சைகையாலேயே பட்டறையில் சொல்லிச் சிரித்தார். மூன்றாம் நாளிலிருந்து சிரிப்பு குறைந்தது. வாசலில் யார் வந்தது, போனில் யார் கூப்பிட்டது, எந்தக் கடைக்கு என்ன அளவு என்பதையெல்லாம் இத்தனை வருடமாக மனைவிதான் வாங்கி, மாடியிலிருந்து அடித் தொண்டையில் கத்தி அவருக்குச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அது தன் காது என்றே அவர் நினைத்திருந்தார். வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒருநாள் அவரே போனை எடுத்தார். "ஆகட்டும், ஆகட்டும்," என்று வைத்தார். ஏழடிக் கடைக்கு எட்டடி ஷட்டர் செய்து அனுப்பினார்.

அது வண்டியில் திரும்பி வந்து பட்டறை வாசலில் சாய்ந்து நின்றது. தெருவே ஒருமுறை அந்தப் பக்கம் நடந்து போய்ப் பார்த்தது.

மேஸ்திரி மாடிக்கு வந்து மனைவி முன்னால் நின்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சாக்பீஸை எடுத்துத் தகட்டில் எழுதினாள்: "எனக்கு இன்னும் ஐந்து நாளில் சரியாகும். உங்களுக்கு?"

அவர் பெட்டியைத் திறந்து வெளுத்த சட்டை ஒன்றை எடுத்து வெளியே வைத்தார்.

மறுநாள் காலை, மூன்றாம் நாள் சோதனை. மேஸ்திரி வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பட்டறையை விட்டு இறங்கி, தெருவின் நடுவிலேயே நடந்து சங்கக் கூடத்துக்கு வந்தார். சுத்தியல்கள் ஒவ்வொன்றாக நின்றன.

நிபுணர் அவர் காதுகளில் கருவியை மாட்டி, கையில் ஒரு பித்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும் என்று எழுதிக் காட்டினார். மேஸ்திரி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டை விரல் பித்தானின் மேல் தயாராக இருந்தது. நிபுணர் ஒரு திருகைத் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். மேஸ்திரி காத்துக்கொண்டிருந்தார். அறைக் கதவின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்த நோட்டீஸ் அக்காவுக்குச் சத்த அளவைக் காட்டும் முள் ஏறிக்கொண்டே போவது தெரிந்தது. மேஸ்திரி பொறுமையாக அவளைப் பார்த்துப் புன்னகைத்தார், இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்பதுபோல. முள் கடைசியை நெருங்கிய பிறகுதான் கட்டை விரல் மெல்ல இறங்கியது.

வெளியே வந்ததும், "மெஷின் ரிப்பேரா?" என்று கேட்டார்.

நோட்டீஸ் அக்கா இல்லை என்று தலையசைத்தாள். அவர் புரிந்துகொண்டார். சட்டைக் கையை இறக்கிப் பித்தான் போட்டுக்கொண்டு, அங்கிருந்த பெஞ்சில் சற்று உட்கார்ந்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்துக் கையை ஆட்டினார். சுத்தியலை வைத்துவிட்டு வாருங்கள் என்பதற்குப் பட்டறையில் வழக்கமாகக் காட்டும் சைகை. மதியத்துக்குள் வரிசை தெருமுனையைத் தொட்டது.

தெருவில் வேலை செய்கிற முந்நூற்று நாற்பது பேரில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரைத்தான் அந்த இரண்டு நாளில் பார்க்க முடிந்தது. நூற்று முப்பது பேருக்குச் செவி கெட்டிருந்தது. பதினோரு பேருக்கு வெறும் அழுக்கு அடைப்பு. அவர்கள் சுத்தம் செய்துகொண்டு, என்னவோ பரிசு விழுந்தவர்கள் மாதிரி போனார்கள்.

இனிமேல்தான் திட்டம். பேசிப் பயனில்லை என்பது தெரிந்துவிட்டது. நோட்டீஸ் அக்கா சின்னவரைத் தேடிப் போனாள்.

"நீங்கதான் பாடம் நடத்தணும்."

"எனக்கு நாலு பேர் முன்னால பேச வராதுக்கா."

"பேசவே வேண்டாம். நீங்க பட்டறையில காட்டுற சைகையில நடத்துங்க. விஷயத்தை நான் சொல்றேன், சைகை உங்களது."

இருவரும் மூன்று மதியங்கள் மாடியில் உட்கார்ந்தார்கள். மேஸ்திரி மனைவியும் தகடும் சாக்பீஸுமாகக் கூட இருந்தாள். சத்தத்தைத் தடுக்கும் காதுறையைப் போடு என்பதற்கு ஒரு சைகை. போன சத்தம் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்று என்பதைச் சொல்ல ஒரு முழு மதியம் ஆனது. கடைசியில் சின்னவர் வெட்டின தகட்டுத் துண்டு இரண்டையும் சேர்த்துப் பிடித்து, ஒட்டாது என்று கையை விரித்தான். அதைவிட நல்ல வழி நோட்டீஸ் அக்காவின் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பாடம் காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால், ஒவ்வொரு பட்டறையிலும். பெண்களுக்குத் தனியாக ஒரு கூட்டம்: பின்னாலிருந்து கத்தாதீர்கள், தோளைத் தொடுங்கள், முகத்துக்கு நேராக நின்று மெதுவாகப் பேசுங்கள். "இத்தனை வருஷம் கத்தினதுக்கு இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

திட்டத்தை எழுதி அனுப்பினாள். சர்க்கரை பற்றிய பகுதி எங்கே என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாள், மறுபடி வந்தது. மூன்றாம் முறை டாக்டரே பதிவேட்டுப் பக்கங்களை இணைத்துக் கையெழுத்துப் போட்டார். "இதர" என்ற தலைப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

எல்லாம் நினைத்தபடி நடந்துவிடவில்லை. முதல் மாதம் காதுறை போட்டவர்களில் பாதிப் பேர் வியர்க்கிறது என்று கழற்றி ஆணியில் மாட்டினார்கள். வேறு ரகக் காதுறை வரவழைத்தபோது சிலர் மீண்டும் போட்டார்கள். மேஸ்திரிக்குக் காது கேட்கும் கருவி கிடைத்தது. அதை மாட்டிய முதல் நாள் தன் மனைவியின் குரலைக் கேட்டு, "உன் குரல் இப்படியா இருக்கும்?" என்றார். கரகரப்பு முழுவதும் போகவில்லை. அதற்கு யார் காரணம் என்பதை அவள் அவரிடம் நேருக்கு நேராக நின்று, மெதுவாகவே சொன்னாள். அவர் கருவியைக் கழற்றவில்லை. சின்னவருக்குப் பார்த்த பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. சின்னவரை மெஷினிலிருந்து யாரும் இறக்கவில்லை. வெட்டும்போது ஒரு சிவப்பு விளக்கு எரிகிற மாதிரி அவனே கம்பி இழுத்து மாட்டிக்கொண்டான்.

அடுத்த வருடத் திட்டத்துக்கு, இரண்டு தெரு தள்ளியிருந்த மரம் அறுக்கும் ஆலைக்கு நோட்டீஸ் அக்கா போனபோது சின்னவரையும் கூட்டிக்கொண்டு போனாள். மரத்தூள் பறந்துகொண்டிருந்த கொட்டகையில் முப்பது பேர் சுற்றி நின்றார்கள். சின்னவர் நடுவில் நின்று பத்து நிமிடம் கையால் பேசினான். முடிந்ததும் மூத்த தொழிலாளி ஒருவர் முன்னால் வந்து, வயிற்றைத் தொட்டு, கதவைக் காட்டி, ஏதோ கேட்டார். சின்னவர் ஒரு கணம் யோசித்துத் தலையாட்டினான்.

"என்ன கேக்கிறார்?" என்றாள் நோட்டீஸ் அக்கா அவன் முகத்துக்கு நேராக வந்து.

"சாப்பிட்டுட்டு வந்து இன்னொரு தடவை காட்டுவீங்களான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காட்டறேன்னேன்," என்று சொல்லிவிட்டு, அவர்களோடு சேர்ந்து வெளியே நடந்தான்.